இருபத்தொன்றாம் எண் ஆர்தர்

1932ஆம் வருடக் கோடை முழுக்க எங்கள் எல்ம் தெருவில் ஒரே பேச்சுதான். இருபத்தொன்று யாரிடம் இருக்கிறது?

ஒரு சென்ட் கொடுத்தால் சிவப்புத்தாள் மிட்டாய் ஒன்று கிடைக்கும். தாளுக்குள் அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் படமும் வரிசை எண்ணும் போட்ட அட்டை ஒன்றும் இருக்கும். முப்பத்தொரு அட்டையையும் சேர்த்துக் கொண்டுபோனால், கடைக்காரர் பிங்கம் சக்கரம் வைத்த ஸ்கேட்ஸ் ஒரு ஜோடி பரிசாகத் தருவார். ஒவ்வோர் அட்டையின் நடுவிலும் இடுக்கியால் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் அதே அட்டைகளைத் தெருவே மாற்றி மாற்றிக் கொண்டுவந்து நீட்டும். எங்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

என்னிடம் முப்பது இருந்தன. மிட்டாய் தின்று தின்று நாக்கே மரத்துப்போயிற்று. இருபத்தொன்றான செஸ்டர் ஆர்தர் மட்டும் கண்ணில் படவே இல்லை.

மதிய நேரத்தில் பின்வாசல் மரப்பலகையில் முப்பதையும் பரப்பிவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். மேப்பிள் மரத்தின் நிழல் அந்த முகங்களின்மேல் ஆடும். எனக்குக் கண் செருகும். அப்போது அவர்கள் ஒவ்வொருவராக அட்டையைவிட்டு இறங்குவார்கள். கோட்டு நுனி பறக்க, சத்தமே இல்லாமல் எல்ம் தெருவில் சறுக்கிப் போவார்கள். க்ளீவ்லண்ட் இரண்டு தடவை பதவிக்கு வந்தவர். அதனால் இரண்டு க்ளீவ்லண்டுகள் கைகோத்துக்கொண்டு போவார்கள். லிங்கன் கிளையில் தொப்பி தட்டாமல் குனிந்துகொள்வார். தெருமுனையில் எல்லோரும் யாருக்காகவோ காத்து நிற்பார்கள். கனவு அங்கேயே கலைந்துவிடும்.

அந்த ஆர்தர் எதிர்வீட்டு ஐடெல்லாவிடம் இருப்பது ஒரு வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு ஏழு வயது, என்னைவிட நான்கு குறைவு. அந்தக் கோடையில் அவள் வாங்கியதே ஒரே ஒரு மிட்டாய். அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்.

"என்கிட்ட ரெண்டு ரெண்டா இருக்கறது எல்லாத்தையும் தரேன். மொத்தம் பதினாறு. குடுடி."

"மாட்டேன் வெர்னா."

"பதினாறு தரேங்கறேன், வேணாங்கறியே. உனக்கென்ன பைத்தியமா?"

"இவருக்கு எங்கப்பா மாதிரியே கிருதா" என்றாள். "எங்க வீட்ல அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்ல."

ஆலை மூடியதும் வேலை தேடி மேற்கே போன அவள் அப்பா ஐந்து மாதமாகியும் திரும்பவில்லை. பதினாறு அட்டையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள்தான் பரிசுக்குக் கடைசி நாள். காலையில் ஐடெல்லாவே வந்து கதவைத் தட்டினாள்.

"இந்தா, காட்டி ஸ்கேட்ஸ் வாங்கிக்கோ. ஆனா சாயங்காலம் எங்கப்பாவத் திருப்பிக் குடுத்துடணும்."

ஓட்டை போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். டக். வாஷிங்டனின் மூக்கு போயிற்று. டக். ஆடம்ஸின் வாய் போயிற்று. இருபது முடிந்து இடுக்கி ஆர்தரிடம் வந்தபோது, நான் அட்டையின்மேல் கையை வைத்துவிட்டேன்.

"கைய எடும்மா. விரல்ல ஓட்டை போட்டா அதுக்குப் பரிசு கிடையாது."

"இத மட்டும் விட்டுடுங்க மிஸ்டர் பிங்கம்."

"விட்டா மிட்டாய்க் கம்பெனிக்காரன் என்னைப் பிடிச்சுக்குவான். அட்டையா, ஸ்கேட்ஸா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

ஸ்கேட்ஸ் அலமாரியில் பளபளத்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அட்டைதான்" என்றேன்.

ஆர்தரை எடுத்துக்கொண்டு கதவுவரை போனேன். கதவில் கம்பெனியின் விதிகளை ஒட்டியிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். 'அட்டை ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை இட வேண்டும்.' அவ்வளவுதான் இருந்தது.

"மிஸ்டர் பிங்கம், எந்த இடத்துல போடணும்னு இதுல சொல்லவே இல்லையே."

அவர் வந்து இரண்டு தடவை படித்தார்.

"ஆமா, சொல்லலதான். கை பழகிப் போச்சு, அது பாட்டுக்கு மூஞ்சிக்கே போகுது."

"தலைக்கு மேல போடுங்க. அங்க காலியாத்தான் இருக்கு."

பிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். டக். ஆர்தரின் முடி ஒன்றுகூடக் கலையவில்லை.

ஸ்கேட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஐடெல்லா வீட்டுக்குப் போனேன்.

"ஓட்டை போடுவாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். உன்கிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

அவள் அட்டையைக் கண்ணருகே தூக்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள். கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா ஓட்டையில் நூலைக் கோத்து, சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார்.

"உங்கப்பா என்னிக்குடி இவ்வளவு ஒழுங்கா தலை வாரியிருக்காரு?" என்று சிரித்தவர், ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐடெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"அப்பா" என்றாள் அட்டையிடம், "வெர்னாவுக்கு ஸ்கேட்ஸ் கிடைச்சுடுச்சு."