டேங்கின் தலையில் ஒட்டியிருந்த தாள்

நவம்பர் 5, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஆறு மணிச் சரிபார்ப்பில், டேங்கை மூடிய துணியைத் தூக்கிப் பார்க்காமலே ‘தாள் இருக்கிறது’ என்று டிக் போட்டுவிட்டேன்.

வகுப்பு முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் தன் காருக்குள் உட்கார்ந்து இதை எழுதிய நெட்டி ஹோல்கம், ‘சின்ன’ என்பதை அடித்தாள். வேறு சொல் அகப்படவில்லை. அதையே திரும்ப எழுதினாள்.

பகலில் டொலீடோவில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை. மாலையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் வகுப்பு. எதையும் எழுதி வைக்கும் பழக்கத்தைப் பார்த்து ஆசிரியர் வாலஸ் டூபெக் பதிவேட்டை அவளிடம் கொடுத்திருந்தார்.

இந்தப் பருவத்தின் வேலை, ஹாலிஸ் கெண்ட்ரிக் என்பவரின் 1967 கார்வெட் கார். அதன் பெட்ரோல் டேங்கைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலவே, சாயம் வழிந்த கோடு உட்பட, ஆக்க வேண்டும். டேங்கின் தலையில் தொழிற்சாலை ஒட்டிய தாள் ஒன்று இருந்தது. காருக்கு எந்த எஞ்சின் பொருத்தினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. ‘பெரிய எஞ்சின்’ என்றது தாள். அந்த ஒரு வரியால் காரின் விலை இரட்டிப்பு.

திங்களன்று டூபெக் வகுப்பிலும், போனில் கெண்ட்ரிக்கிடமும் சொன்னார்: வியாழனன்று ஒரு நிபுணர் வந்து தாளைப் பார்ப்பார்.

செவ்வாய் மாலை 6:40. துணியை விலக்கினார்கள். தாள் இல்லை.

டூபெக் பதிவேட்டைப் புரட்டினார். 5:10 முதல் 5:30 வரை கெண்ட்ரிக், காரைப் பார்க்க. 6:00, தாள் இருக்கிறது. அதன்பின் அறையில் மாணவன் டேரல் ப்ரூயிட் மட்டும்.

“டேரல், ஆறுல இருந்து உள்ள யாரு?”

“நான்தான் சார். டேங்கைத் தாங்குற பட்டையைத் தேய்ச்சிட்டிருந்தேன்.”

“வேற யாரு?”

“நானும் என் தும்மலும்.”

யாரும் சிரிக்கவில்லை. டேரல்மேல் பழைய திருட்டு வழக்கு ஒன்று உண்டு. இந்த வகுப்பை ஒழுங்காக முடிப்பதாகச் சொன்னதால்தான் நீதிமன்றம் அவனை வெளியே விட்டிருந்தது. இங்கிருந்து நீக்கினால் நேரே சிறை.

“வியாழக்கிழமை காலைல டீன்கிட்ட சொல்லியாகணும்,” என்றார் டூபெக். குரல் இறங்கியிருந்தது.

நெட்டி டிக்கைப் பற்றிச் சொல்லாமல் பதிவேட்டை வாங்கி மூடினாள். ஒருவேளை தாள் அப்போது இருந்திருக்கலாமே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புதன், மாலை 5:00. எல்லோருக்கும் முன்பே வந்து டார்ச் அடித்து டேங்கைப் பார்த்தாள். தலை முழுக்க ஒரே பழுப்புத் துரு. தாள் இருந்த இடம் எதுவென்று கண்ணால் சொல்ல முடியவில்லை. பாடத்துக்காகச் சுவரில் தொங்கிய இன்னொரு பழைய டேங்கிலும் தாளை எடுத்திருந்தார்கள். அதில் நீள்சதுரமாக அடையாளம் அப்படியே இருந்தது.

விரலைக் கெண்ட்ரிக்கின் டேங்கில் தேய்த்தாள். ஓரிடத்தில் பசை பிசுபிசுத்தது.

தன் பழைய குறிப்பைத் தேடினாள். அக்டோபர் 8: ‘டேங்கைக் கழற்றினேன். போல்ட்டுகள் ஒரே திருகில் வந்துவிட்டன. என் கைக்கு இவ்வளவு பலமா!’

மாலை 6:15. கெண்ட்ரிக்கை டூபெக் வரவழைத்திருந்தார். டேரல் கதவோரம் நின்றான்.

“நாங்க கழட்டுறதுக்கு முன்னாடி டேங்கை யாரும் கழட்டவே இல்லைன்னு சொன்னீங்களே சார்?” என்று கெண்ட்ரிக்கிடம் கேட்டாள் நெட்டி.

“தொழிற்சாலைல மாட்டினது. ஒருத்தன் கை படல.”

“அம்பத்திரண்டு வருஷம்?”

“கணக்கு நல்லா வருதே பொண்ணே.”

“அம்பத்திரண்டு வருஷத் துருவுல ஒட்டின போல்ட்டுக்கு, நெருப்புக் காட்டிச் சுத்தியலால அடிக்கணும். எனக்கு ஒரே திருகுல வந்துச்சு. யாரோ சமீபத்துல கழட்டி மாட்டியிருக்காங்க. அப்புறம், அத்தனை வருஷம் தாள் மூடின தகரமும் காத்தும் ஈரமும் பட்ட தகரமும் ஒரே மாதிரி துருப்பிடிக்காது. இதுல வித்தியாசமே இல்ல. பழைய பசைன்னா கண்ணாடி மாதிரி உடையணும், இது இன்னும் ஒட்டுது. அந்தத் தாள் போலி.”

டூபெக் விரலைத் தேய்த்துப் பார்த்தார். “அடப்பாவி. எத்தனை டேங்க் பார்த்திருக்கேன், எனக்குத் தோணலையே!”

“போலித் தாளைத் திருடி யாருக்கு என்ன லாபம்?” என்றாள் நெட்டி. “நிபுணர் பார்த்தா மாட்டிக்கிறவருக்குத்தான் லாபம். தாள் காணாமப் போச்சுன்னா, அசல் இருந்துச்சுன்னு சொல்ல பன்னெண்டு பேர் சாட்சி இருக்கோம். எடுத்தது நீங்கதான் சார்.”

கெண்ட்ரிக் சிரித்தார். “நான் அஞ்சரைக்கே போயாச்சும்மா. ஆறு மணிக்குத் தாள் இருந்துச்சுன்னு யாரு எழுதினது? நீதானே?”

எல்லோரும் அந்த டிக்கைப் பார்த்தார்கள். டேரலைக் கட்டிப்போட்ட அதே டிக் கெண்ட்ரிக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

“அது பொய்,” என்றாள் நெட்டி. “நான் பார்க்கவே இல்ல. துணியைத் தூக்காம டிக் போட்டேன். கடைசியா நான் தாளைப் பார்த்தது திங்கக்கிழமை.”

டூபெக் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “நேத்து அஞ்சு பத்துக்கு உங்களை உள்ள விட்டுட்டு நான் காபிக்குப் போனேன், ஹாலிஸ். இருபது நிமிஷம்.”

கெண்ட்ரிக்கின் சிரிப்பு நின்றது. கோட்டை எடுத்தார். “இனி என் வக்கீல் பேசுவாரு.”

கதவை மறித்து நின்ற டேரல், மெதுவாக விலகி வழிவிட்டான். கெண்ட்ரிக் போனபின் நெட்டி பக்கம் திரும்பினான்.

“இது நேத்தே தெரியுமா உனக்கு?”

“டிக் பத்தித் தெரியும்.”

“நேத்து ராத்திரி விஷயம் தெரிஞ்சு, கோர்ட்டு வெச்ச கண்காணிப்பு அதிகாரி வந்து என் வீட்டைக் கவுத்துப் போட்டாரு. என் பொண்ணு படுக்கையைக்கூட விடல. ஏழு வயசு. ‘என்னப்பா எடுத்தே?’ன்னு கேட்டா.”

“மன்னிச்சிடு டேரல்.”

“கெட்டிக்காரி நெட்டி. துரு தெரிஞ்சிது, போல்ட்டு தெரிஞ்சிது. ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?”

அவன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பட்டையின் பக்கம் போய்விட்டான்.

நாளை, நவம்பர் 7, வியாழன். காலை 8:00, டீன் அறை. 9:00, கண்காணிப்பு அதிகாரி. பதிவேட்டை எடுத்துப் போக வேண்டும். அந்த டிக் பொய் என்று இரண்டு இடத்திலும் வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது.