நீதிபதிக்குப் பிணை நின்றவள்

ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் கல்வீட்டுக்கு நானும் மனைவி கத்தரினும் முதல் தரம் போனது 2007 ஒக்டோபர் கடைசியில். மொன்றியலில் நாங்கள் குடியிருந்த பியர்பொன்ட்ஸிலிருந்து சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கையில் வாளியும் துடைக்கிற துணிகளும். பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு வீடு துப்புரவாக்குவதுதான் பிழைப்பு. எனக்கு அவள், அவளுக்கு நான்.

வீட்டுக்காரர் ஹென்றி, கதவுத் திறப்பைத் தருமுன் ஒரு சின்னப் புத்தகத்தைத் தந்தார். அவருடைய மூதாதை எஸ்ரா பிளண்டனின் சரித்திரம். அவரே எழுதி, அவரே அச்சடித்தது.

"வாசியுங்கள். யாருடைய வீட்டைத் துடைக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில்.

வாசித்தேன். இருநூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில், வெர்மொன்ட்டில் வாழ்ந்த மனிதர். வங்கிக்காரர், நீதிபதி, சட்டசபை உறுப்பினர். ஹென்றிக்கு இது மூன்று பெருமை. மன்னார் நீதவான் கோட்டில் பதினான்கு வருடம் கிளாக்கராக இருந்த எனக்கு அது ஒரு களவுக்குப் போட்ட மூன்று கதிரை. வங்கிக்காரராகக் கடன் கொடுப்பார். கட்ட முடியாதவனை நீதிபதியாக மறியலுக்கு, கம்பிக்குப் பின்னால், அனுப்புவார். அவனுடைய காணி தனக்கு வரும்படி சட்டசபையில் குந்தியிருந்து சட்டம் எழுதுவார்.

ஒரு பக்கத்தை ஹென்றி உருகி உருகி எழுதியிருந்தார். கடன்பட்ட கமக்காரன் ஒருவன் ஊரை விட்டு ஓடிவிட்டான். அவனுக்குப் பிணை நின்ற மனைவியை, அவன் வந்து நிற்கும்வரை மறியலில் வைக்கும்படி எஸ்ரா தீர்ப்புச் சொன்னார். அவன் வரவில்லை. அவள் வெளியே வரவுமில்லை. இதற்கு ஹென்றி வைத்த பெயர் 'அசையாத நீதி'. மிச்சத்தைப் புத்தகத்தின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த வழக்குக் குறிப்புகளிலிருந்து நானே கூட்டிப் பார்த்தேன். கடைசியில் வங்கி விழுந்தபோது எஸ்ராவே எல்லை தாண்டி மொன்றியலுக்கு ஓடிவந்து இந்த வீட்டில் ஒளிந்துகொண்டார். அவருக்காகப் பிணைக் கையெழுத்து வைத்தவர்கள் அங்கே மறியலில் கிடந்து செத்தார்கள். அந்த இடத்தில் ஹென்றி, 'உடல்நலம் கருதி வடக்கே வந்தார்' என்று எழுதியிருந்தார்.

"இந்தக் கள்ளன்ர பேருக்கு வாசலில பித்தளைப் பலகை அடிக்கப் போகினமாம்" என்றேன். கத்தரின் மாடிப்படியைத் துடைத்தாள்.

மாடியில் எஸ்ராவுடைய படிப்பறை. யன்னல்கள் பூட்டியிருந்தும் நனைந்த கம்பளியின் மணம். சுவரில் அவருடைய எண்ணெய் ஓவியம். புளித்த மோர் குடித்தவர் முகம். பகல் பதினொரு மணி. வெளியே வெயில் எறித்தது. நான் ஏணியில் நின்று உட்கூரை விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

தீர்ப்பு வாசிக்குமுன் நீதவான்கள் செருமுகிற செருமல். பதினான்கு வருடம் கேட்ட சத்தம் எனக்குப் பிழைக்காது.

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

அந்தக் கிழமை முழுக்க அது கேட்டது. எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். செத்தும் கதிரையை விடாத மனிதர்! கத்தரினுக்கோ இரக்கம்.

"இஞ்சருங்கோ, பாவம், மோட்சத்துக்குப் போகமுந்தி உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்து தவிக்கிற ஆத்துமம். ஒருத்தரும் வேண்டுதல் செய்யேல்லைப் போல."

"நீர் சும்மா இரும். அந்த ஆளுக்கு வேண்டுதல் ஒரு கேடோ?"

அவள் கேட்கவில்லை. நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். எங்கள் கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் இறந்தவர்களின் பெயரைக் கடுதாசியில் எழுதிப் பெட்டியில் போடுவோம். பாதர் பெயரை வாசிக்கும்போது அந்த வீட்டு ஆள் எழும்பி நின்று, மெழுகுதிரியைப் பீடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆள் இல்லாத ஆத்துமத்துக்காக யாரும் நிற்கலாம். எங்கள் சனத்தின் நல்ல பழக்கம்தான். ஆனால் யாருக்காக நிற்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

"எஸ்ரா பிளண்டன்" என்று பாதர் வாசித்தார். தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே அதைக் கேட்டுச் சனம் திரும்பிப் பார்த்தது. கத்தரின் எழும்பினாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது நாங்கள் குந்தியிருந்த வாங்குக்குப் பின்னால் அந்தச் செருமல் கேட்டது.

அடுத்த நாள் வீடு வெளித்திருந்தது. கம்பளி மணம் இல்லை. சத்தம் இல்லை.

"பாத்தியளே, ஆள் போயிட்டார்" என்று கத்தரின் சிரித்தாள். ஒரு மணித்தியாலம் பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்தாள். நாலரைக்கு இருட்டத் தொடங்கியதும் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். நான் படியில் இறங்கிவிட்டேன். அவள் வாசற்படியில் நின்றாள்.

"கால் வருகுதில்லையப்பா."

விளையாடுகிறாள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்தாள். வந்ததும் மூச்சு நின்றது. உதடு நீலம் பாரித்தது.

உள்ளே தூக்கிப் போட்டேன். மூச்சு வந்தது.

இன்னும் இரண்டு தரம் முயன்றேன். இரண்டு தரமும் அப்படியே. அம்புலன்ஸைக் கூப்பிட்டால் அவர்களும் அந்த வாசலால்தான் கொண்டுபோவார்கள்.

"கோயில்ல நான் எழும்பேக்க ஒரு குரல் கேட்டது" என்றாள் மெதுவாக. "இந்த ஆளுக்கு ஆர் பொறுப்பு எண்டு. நான் எண்டு மனசுக்குள்ள சொன்னன்."

எனக்கு எல்லாம் விளங்கியது. பிணை நின்றிருக்கிறாள். பிணை கிடைத்ததும் அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது செய்ததையே செய்திருக்கிறார். ஓடிவிட்டார். செத்த பிறகும் ஒரு துளி மானம் இல்லை.

பழைய பிணையாள் விடுபட வேண்டுமென்றால் புதுப் பிணையாள் வர வேண்டும். கிளாக்கருக்கு இது தெரியும். நகரத்துக்குள் குடியிருந்த ஹென்றியிடம் போனேன். "நீங்கள் அவருடைய சொந்த இரத்தம். ஒரு ஞாயிறு எங்கள் கோயிலுக்கு வந்து, அவருடைய பெயருக்கு எழும்பி நின்றால் போதும்" என்று கெஞ்சினேன். கத்தரினைப் பற்றியும் சொன்னேன். ஹென்றி சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

"முன்பும் ஒரு வேலைக்காரி இப்படி..." என்று தொடங்கி நிறுத்தினார். இரண்டு நாளில் புளோரிடாவுக்குப் பறந்துவிட்டார். ஓடுவது அவர்களுடைய குடும்பத் தொழில்.

நான் ஒவ்வொரு நாளும் சோறு கொண்டுபோனேன். இரவில் அங்கே தங்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு. எஸ்ரா பிளண்டன் என்று என் கையால் எழுதிப் பெட்டியில் போட்டேன். மெழுகுதிரி மடியில் இருந்தது.

பாதர் வாசித்தார்.

ஒரு குரல் என் காதோரம் கேட்டது. "இந்த ஆளுக்கு யார் பொறுப்பு?"

முழங்கால் அசையவில்லை. அசையவில்லை என்பது பொய். நான் அசைக்கவில்லை. எஸ்ராவையும் ஹென்றியையும் வாய் கிழியத் திட்டிய நான், வாங்கை இறுக்கிப் பிடித்தபடி குந்தியிருந்தேன். பாதர் கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

பின்னேரம் கத்தரின் கதவைத் திறந்தாள். முகம் மெழுகு நிறம்.

"பாதர் பேர் வாசிச்சவரே?"

"இல்லை... பாதர் இண்டைக்கு வாசிக்கேல்லை. அடுத்த கிழமை பாப்பம்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடம் பார்த்த கண்.

"சோறு வேண்டாம். கொண்டுபோங்கோ" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகு திறப்பு அந்தப் பூட்டில் சுற்றவில்லை. பொலிஸ் ஹென்றியிடம் அனுமதி வாங்கிப் பூட்டை உடைத்தது. உள்ளே ஆள் இல்லை. நாங்கள் துடைத்துத் துடைத்து மினுக்கிய தரையில் விரல் தடிப்புக்குத் தூசி. அதில் ஒரு காலடி கூட இல்லை.

கோட்டில் ஒருவர் வரவில்லை என்று தீர்த்து, ஆளைப் பிடித்துவர ஆணை போடுமுன் அவருடைய பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள்.

டிசம்பர் மூன்றாம் திகதி காலை, பியர்பொன்ட்ஸில், குசினியில் அடுப்படியில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். "செபமாலை பேனாட்!" என்று வாசலுக்கு வெளியே கத்தரினின் குரல் கேட்டது. தகப்பன் பெயரோடு, கோட்டில் கூப்பிடுகிற மாதிரியே. இந்த முப்பது வருடத்தில் அவள் ஒரு நாளும் என் பெயரைச் சொன்னதில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பனியில் ஒரு தடமும் இல்லை.

நேற்று இரண்டாம் தரம் கூப்பிட்டாள்.

இந்த முறை குசினிக்குள் இருந்து.