எலும்பு கடிக்கும் சாட்சி

காலை 8.40. வில்லாபுரத்தில், வக்கீல் ஜாய்ஸின் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்த ஆறு படங்களைக் காணவில்லை.

"பத்தரைக்குக் கோர்ட்டுல ஒரிஜினலைக் காட்டணும் எஸ்தர். இல்லன்னா கேஸ் போச்சு" என்றாள் ஜாய்ஸ், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு.

வாசல் பெஞ்சில் மேலூர்ப் பக்கத்துத் தங்கப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். கல்குவாரி வெடியில் அவள் வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது. அது எப்போதோ விட்ட விரிசல் என்று சாதிக்கிறது குவாரித் தரப்பு. வெடி வைக்கும் முன் சுவர் முழுசாக நின்றதற்கு அந்த ஆறு படங்கள்தான் சாட்சி. அவற்றை எடுத்த செல்போன் எப்போதோ கிணற்றில் விழுந்துவிட்டது.

எஸ்தர் மிஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்தையும் பார்த்துவிட்டாள், காலி. ஜாய்ஸைத் தவிர அலுவலகச் சாவி இரண்டு பேரிடம் உண்டு. முதலில் டைப்பிஸ்ட் கனகாவைத் தனியே அழைத்தாள்.

"படங்களுக்கு அடையாளச் சொல், அந்த டேக், போட்டது நீங்கதானே?"

"ஆமா டீச்சர். அந்த சாப்ட்வேர்ல 'தங்கப்பொண்ணு வீடு'ன்னு அடிச்சா, எந்த ஃபோல்டர்ல கெடந்தாலும் வந்து நிக்கும். டேக் படத்துக்குள்ளயே பதிஞ்சிரும். படத்தோட பேரை மாத்துனாலும் போகாது." கனகா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு தப்பு பண்ணிட்டேன். சோழவந்தான் விருந்துல நம்ம பெனடிக்ட் சார் எலும்பு கடிக்கிற படத்துக்கும் அதே டேக்கைப் போட்டுட்டேன். இன்னைக்கு எடுத்துரலாம்னு பாத்தா, அதையும் காணோம்."

எஸ்தருக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா கணவரின் படம் குடும்ப ஃபோல்டரில் அல்லவா இருந்தது?

9.05. ஜூனியர் சூரியபிரகாஷ்.

"நேத்து கடைசியா பூட்டுனது யாரு தம்பி?"

"நான்தான். அதுக்கு?"

"டேக் போட்டுத் தேடுவீங்களா?"

"அந்த வம்பே வேணாம் டீச்சர். நமக்கு ஃபோல்டர்தான். கனகாக்காவைக் கேளுங்க."

"பென் டிரைவ் இருக்கா?"

அவன் தயங்காமல் எடுத்து நீட்டினான். "தங்கச்சி கல்யாணப் போட்டோ. எம்புட்டு நேரம் வேணாலும் பாருங்க."

எஸ்தர் ஒரு படத்தையும் திறக்கவில்லை. சாப்ட்வேரைப் பென் டிரைவுக்குள் தேடவிட்டு, 'தங்கப்பொண்ணு வீடு' என்று அடித்தாள்.

நூற்றுக்கணக்கான கல்யாணப் படங்களுக்குள்ளிருந்து ஏழு படங்கள் மட்டும், கல்யாணப் படம் போலப் பேர் மாற்றப்பட்டு, எழுந்து வந்தன. ஆறில் சுவர். ஒன்றில் பெனடிக்ட், வாயில் எலும்போடு.

"இந்த மனுசன் எங்க இங்க வந்தாரு?" என்றாள் ஜாய்ஸ்.

"காட்டிக் குடுத்ததே அத்தான்தான்க்கா. கேஸ் ஃபோல்டர்லருந்து எடுத்திருந்தா ஆறுதான் போயிருக்கும். வேற ஃபோல்டர்ல இருந்தவரும் சேந்து போயிட்டாருன்னா, டேக்கை அடிச்சு, வந்ததைப் பாக்காம அள்ளியிருக்காங்க. அவருக்குத் தப்பா அந்த டேக்கைப் போட்டதே கனகாதான்; அவங்கன்னா அத்தானை விட்டுருப்பாங்க. பேரை மாத்திக் கல்யாணக் கூட்டத்துல ஒளிச்சா போதும்னும் நம்பியிருக்க மாட்டாங்க. டேக் உள்ள இருக்குன்னு தெரியாதவர்தான் இம்புட்டுத் தைரியமா நீட்டுவாரு. இல்லையா தம்பி?"

சூரியபிரகாஷ் ஜாய்ஸ் பக்கம் திரும்பினான். "தங்கச்சி மாப்பிள்ளை அந்தக் குவாரியிலதான் வேலை பாக்குறாரு மேடம். படத்தைக் கொண்டாரலன்னா அவரை வேலையை விட்டுத் தூக்கிருவோம்னாங்க. கல்யாணமாகி ரெண்டு மாசந்தான்..."

தங்கப்பொண்ணு எழுந்து உள்ளே வந்தாள். "ஒந் தங்கச்சி நல்லாருக்கட்டும்யா. அதுக்கு என் சுவத்தையா பேத்துக் குடுப்ப?"

ஜாய்ஸ் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"நீயும் கார்ல ஏறு. மிரட்டுனது யாருன்னு ஜட்ஜ் முன்னால சொல்லு. ஒந் தங்கச்சிக்கும் சேத்துத்தான் நியாயம் கேக்கப்போறேன்."