கேப்டனின் நேரான ஸ்டியரிங்

தம்பி ஜெரோமை உயிரோடு பார்க்க வேண்டுமானால், பொழுது சாய்வதற்குள் வரைபடத்தின் மறுபாதி மலைமேல் குகைக்கு வந்து சேர வேண்டும். பிலோமினாவுக்கு வந்த போன் அவ்வளவுதான்.

"வரலன்னா கூறு கூறாப் போட்டு அனுப்புறேன். போலீசுக்குப் போனா மொதக் கூறு நாக்கு" என்றான் சேதுக்காளை. பின்னால் ஜெரோம் அலறியது கேட்டது.

அக்காவும் தம்பியும் போடி அடிவாரத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர்கள். பாளையக்காரர் காலத்துப் புதையல் படம் என்று ஒரு துணி ஜெரோமிடம் சிக்கியது. பாதியைக் கிழித்து வீட்டில் ஒளித்துவிட்டு, மீதியோடு ரவுடி சேதுக்காளையிடம் கூட்டுச் சேரப் போனான். அவனுடைய புத்தி அந்தப் பாதியோடு தீர்ந்துபோயிற்று.

பிலோமினாவின் ஜீப் எஞ்சின் பட்டறையில் பிரிந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் அவள் கேப்டன் தனசிங்கத்தின் வாசலில் போய் நின்றாள்.

தனசிங்கம் கப்பலில் இருந்ததில்லை, ராணுவத்திலும் இருந்ததில்லை. தானே தொடங்கிய மலைப்பாதை ஜீப் சங்கத்துக்குத் தானே கேப்டன் ஆனவர். அவருடைய ஜீப்பை ஆறு அங்குலம் உயர்த்தி, டிராக்டருக்குப் பொருந்துகிற டயர் மாட்டி, கதவில் புலி வரைந்திருந்தார். ஏறுவதற்கு மட்டும் வீட்டு முக்காலியைக் கூடவே எடுத்துப்போவார்.

"வண்டி வரும். ஆனா ஸ்டியரிங்கை நான்தான் பிடிப்பேன்" என்றார்.

"புடிங்க. வாயை மட்டும் புடிச்சு வைங்க" என்றாள் பிலோமினா.

மூன்றாவது ஆள் பக்கத்துக் கறிக்கடை கசாலி. ஜெரோமின் சிநேகிதன். கடையை இழுத்துச் சாத்திவிட்டு, கத்தி எதுவும் எடுக்காமல் ஒரு கடப்பாரையோடு ஏறினான். "கத்தி தொழிலுக்கு" என்றான்.

மலை ஏறத் தொடங்கியதுமே பிலோமினாவுக்கு வண்டியின்மேல் சந்தேகம் வந்தது. இடப்பக்க வளைவுகளில் ஜீப் பாம்பு போலத் திரும்பியது. வலப்பக்க வளைவுகளில் அரசாங்க ஆபீஸ் போல யோசித்தது. குகைக்கு இரண்டு வளைவு கீழே, செங்குத்தான வலது கொண்டையூசி ஒன்றில் கேப்டன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். சக்கரம் பாதிதான் திரும்பியது. ஜீப் நேரே போய் விளிம்புப் பாறையில் மோதியது. கசாலியின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அந்தப் பாறை மட்டும் இல்லையென்றால் மூவரும் பள்ளத்தாக்கில் கிடந்திருப்பார்கள்.

பிலோமினா அடியில் புகுந்து பார்த்தாள். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் கம்பி வில்லாக வளைந்திருந்தது.

"உசத்தினப்புறம் இந்தக் கம்பியோட நீளத்தைச் சரிபண்ணுனீங்களா?"

"வண்டி நேராப் போறப்போ ஸ்டியரிங் கோணலா நின்னுச்சும்மா. போட்டோவுல அசிங்கமா இருந்துச்சு. அதான் ஸ்டியரிங்கை மட்டும் கழட்டி நேரா வச்சு மாட்டிட்டேன்."

அவள் மெல்ல வெளியே வந்தாள். "கழுத்து சுளுக்குனவனுக்கு மூக்கைத் திருப்பி ஒட்டிருக்கீங்க. உள்ள பெட்டி ஒரு ஓரமாவே நிக்குது. இடதுக்கு ஓடும், வலதுக்கு எங்கிட்டு ஓடும்?"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் நடந்தே மேலே ஏறினார்கள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

குகை வாசலில் சேதுக்காளையின் ஜீப் இறக்கத்தைப் பார்த்து நின்றது. அதே ரகம். புதரிலிருந்து அதைப் பார்த்த பிலோமினாவின் முகம் மலர்ந்தது.

"நமக்குக் கம்பி கெடச்சிருச்சு. கேப்டன், நீங்க படத்தைக் கொண்டுபோய்க் குடுத்துப் பேசுங்க. எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேசுங்க."

வாழ்நாளில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. தனசிங்கம் சங்கத்தின் தோற்றத்திலிருந்து ஆரம்பித்தார். கொள்கைகளுக்கு வந்தபோது சேதுக்காளை அவர் வாயிலேயே குத்தினான். ஒரு பல் தெறித்தது. கேப்டன் துப்பிவிட்டு, கொள்கைகளைத் தொடர்ந்தார். அதைத் தைரியம் என்றுதான் சொல்ல வேண்டும். பழக்கம் என்றும் சொல்லலாம்.

துணியின் இரண்டு பாதிகளும் சேர்ந்தன. அடியாட்கள் இருவர் குறிப்பிட்ட கல்லைப் பெயர்த்தார்கள். செம்புப் பட்டை போட்ட பெட்டி வெளியே வந்தது. அதைத் தன் ஜீப்பில் ஏற்றச் சொன்ன சேதுக்காளை, பெட்டி ஏறியதும் குகை மூலையில் கட்டுண்டு கிடந்த ஜெரோமைக் காட்டி, "அவனையும் இந்த ரேடியோவையும் முடிங்கடா" என்றான்.

அரிவாள் ஓங்கியவனின் முழங்கால் சில்லில் கடப்பாரை இறங்கியது. கசாலி குகைக்குள் வந்திருந்தான். எலும்பு முறிந்த சத்தம் சுவரில் எதிரொலித்தது. இரண்டாமவன் வீசிய வெட்டு கசாலியின் தோளைக் கிழித்தது. வெட்டியவனின் தாடையில் கடப்பாரையின் மறுமுனை பாய்ந்தது. கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு முக்காலியை வீசினார். ஆம், அங்கேயும் கொண்டுபோயிருந்தார். அது சேதுக்காளையின் மூக்கை உடைத்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். கசாலி கீழே கிடந்த அரிவாளால் ஜெரோமின் கட்டை அறுத்து, அவனை மறுதோளில் போட்டுக்கொண்டான். வெளியே பிலோமினாவும் சேர்ந்துகொள்ள, நால்வரும் குறுக்கே, சரிவில் உருண்டு புரண்டு இறங்கினார்கள். பிலோமினாவின் கையில் ஒரு நீளக் கம்பி இருந்தது.

தங்கள் ஜீப்புக்கு வந்ததும் அவள் அடியில் படுத்தாள். வளைந்த கம்பியின் மூட்டைச் சுத்தியலால் பக்கவாட்டில் ஓங்கி அடித்தாள். கழன்றது. ஸ்டியரிங்கை ஒரு கடைசிவரை சுற்றச் சொன்னாள், பிறகு மறுகடைசிவரை, பிறகு சரிபாதிக்கு. சக்கரங்களை நேராக நிறுத்தினாள். புதுக் கம்பியின் நடுவிலிருந்த திருகைச் சுற்றிச் சுற்றி நீளம் கூட்டினாள்.

அரிவாளோடு ஒருவன் சரிவில் இறங்கி வந்துவிட்டான். தாடை உடைந்தவன். வெளியே நீட்டியிருந்த அவள் காலைக் குறிபார்த்து ஓங்கினான். நடக்கவே முடியாத ஜெரோம் அவன் கெண்டைக்காலைக் கடித்தான். சதையோடு கடித்தான். பிலோமினா அடியிலிருந்தே சுத்தியலை வீசினாள். அவன் பாதம் நசுங்கியது. கசாலி அவனைத் தூக்கி முள்ளில் எறிந்தான்.

"ஏம்மா" என்றார் கேப்டன் மேலிருந்து, வாயெல்லாம் ரத்தத்தோடு. "ஸ்டியரிங் தலைகீழா நிக்குதே."

"ஐயா, அது நீங்க கழட்டி மாட்டின லட்சணம். உங்களக் கொன்னுருவேன்."

மேலே எஞ்சின் உறுமியது. சேதுக்காளை பெட்டியோடு கிளம்பிவிட்டான். கீழே வந்து நால்வரையும் ஏற்றி நசுக்குவதுதான் அவன் எண்ணம். மழைநீர் அரித்த தடத்தில் சக்கரங்கள் பதிந்திருந்ததால், இறக்கத்தில் வண்டி நேராகவே பாய்ந்தது. மேல் வளைவு வந்தது. அவன் ஸ்டியரிங்கைச் சுற்றினான். அது திருவிழாக் கடைப் பொம்மை வண்டியின் ஸ்டியரிங் போலச் சுகமாகச் சுற்றியது. சக்கரங்களோடு அதற்கு இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜீப் விளிம்பைத் தாண்டி, இவர்கள் தலைக்கு மேல் ஒரு மரக்கிளையை முறித்துக்கொண்டு பறந்து, பாறையில் விழுந்து வெடித்தது. பெட்டி பிளந்து, பொற்காசுகள் மழைபோலக் கீழிருந்த ஓடையில் சிதறின. சேதுக்காளை இரண்டு பாறைகளுக்கு நடுவே கிடந்தான், எழுந்திருக்கவில்லை.

பிலோமினா கம்பியின் கடைசி நட்டை முறுக்கிவிட்டு வெளியே வந்தாள்.

காசுகளை அவர்கள் தொடவில்லை. மறுநாள் அதிகாரிகள் வந்து ஓடையில் முட்டளவு தண்ணீரில் நின்று பொறுக்கி, அரசாங்கத்துக்கு எடுத்துப்போனார்கள். அன்று கீழே இறங்கும்போது வண்டியை பிலோமினா ஓட்டினாள். இரண்டு பக்கமும் அழகாகத் திரும்பியது. ஸ்டியரிங் மட்டும் தலைகீழாக நின்றது. பின்சீட்டில் கசாலியின் மடியில் கிடந்த ஜெரோம் வீங்கிய ஒரு கண்ணைத் திறந்தான்.

"அக்கா, ஸ்டியரிங் கோணலா இருக்கு."

"உன்னை எறக்கி விட்ருவேன்டா" என்றாள் அவள். ஆனால் இடது கை பின்னால் போய் அவன் தலையைத் தடவியது.

போடியில் வரவேற்பு பிரமாதமாக நடந்தது. மாலை, வெடி, டீக்கடையில் எல்லோருக்கும் வடை. புகைப்படக்காரர் ஜீப்பைப் பார்த்துவிட்டு, "கேப்டன், ஸ்டியரிங்கை நேரா வச்சுட்டு நில்லுங்களேன்" என்றார்.

தனசிங்கம் பல் போன வாயால் சிரித்தார். "சக்கரத்தைப் படம் எடுங்க தம்பி. அது நேரா இருக்கு."

முக்காலியை அவர் மலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதனால் ஜீப்பில் ஏற பிலோமினாதான் கை கொடுக்க வேண்டியிருந்தது.