பெருங்களத்தூர் பக்கம் வந்தால்

மூன்று பேரும் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து ஒரு மணி நேரமாகியும் வாசல் மிதியடி காயவில்லை. ஹெப்சி அதை எடுத்துப் பிழிந்து பால்கனியில் போட்டுவிட்டு வேறொன்றை விரித்தாள். பாத்திரம் துலக்கிவிட்டு வந்து பார்த்தபோது அதுவும் சொதசொதவென்று இருந்தது. குனிந்து முகர்ந்தாள். வெயிலில் வெந்த பாசியும் செத்த நண்டும் கலந்த, காலையிலிருந்து மூக்கைவிட்டுப் போகாத அந்தக் கழிமுகத்துச் சேற்று வாடை.

"ஜெர்சன், வாசல்ல தண்ணி கொட்டினீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு." சோபாவில் படுத்திருந்த கணவன் கண்ணைத் திறக்கவில்லை.

அரையாண்டுப் பரீட்சை லீவு. எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்லி ஏழு வயது ஜெரூஷா ஒரு வாரமாக அனத்தியதால், கோவளம் தாண்டித் துடுப்புப் படகுச் சவாரிக்குப் போயிருந்தார்கள். போய்ச் சேர்ந்த நிமிடத்திலிருந்தே அந்தத் தண்ணீர் ஹெப்சிக்குப் பிடிக்கவில்லை. கலங்கலாய், அசையாமல், வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. சவுக்குத் தோப்பின் ஓரமாகப் படகு திரும்பியபோது, ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் மார்பளவு நீரில் தனியாக நின்றிருந்தாள். சுற்றுலா வந்தவள்தான் என்று நினைத்து ஹெப்சி பேச்சுக் கொடுத்தாள்.

"ஏன் தனியா நிக்கிறீங்க?"

"பாப்பாவுக்காக நிக்கிறேன். உங்க பொண்ணு வயசுதான்."

"போறோம் ஆன்ட்டி," என்று ஜெரூஷா கையசைத்தாள்.

ஹெப்சி அவள் தொடையில் தட்டினாள். டீச்சரான ஹெப்சி பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் ஓயாமல் திருத்தும் பிழை. "போறோம்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? போயிட்டு வரோம்னு சொல்லு."

"போயிட்டு வரோம் ஆன்ட்டி."

"எப்ப வருவீங்க?" அந்தப் பெண் சிரிக்கவில்லை.

ஹெப்சிக்குச் சங்கடமாகிவிட்டது. யாரும் வரப்போவதில்லை என்ற தைரியத்தில் எல்லோரும் சொல்வதை அவளும் சொன்னாள். "நீங்க வாங்களேன். பெருங்களத்தூர்தான். அந்தப் பக்கம் வந்தா கண்டிப்பா வீட்டுக்கு வரணும்."

"வரேன்."

"ஆதார் கார்டையும் குடுத்துட்டு வந்திருக்கலாமே," என்றான் ஜெர்சன்.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் ஜெரூஷா கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து உட்காரச் சொன்னதற்கு, "இடமில்லம்மா," என்றாள்.

இப்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் சத்தமும், ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ரயிலின் அதிர்வும், மூடிய ஜன்னல்களைத் தாண்டி எங்கிருந்தோ வருவதுபோல் மங்கிக் கேட்டன. சமையலறைக்குள் போன ஹெப்சியின் காதில் கூடத்திலிருந்து மகளின் குரல் விழுந்தது. சொல்லிக்கொடுத்தபடியே, மரியாதையாக.

"உள்ள வாங்க."

பொம்மையோடு விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பாத்ரூம் கதவு சாத்தும் சத்தம். குழாய் திறக்கும் சத்தம்.

போன் அடித்தது.

"அக்கா, படகுத்துறை லாசரஸ் பேசுறேன். கொழந்தை ஜாக்கெட் ஒண்ணு கொறையுது. உங்க பையில கீதான்னு பாருங்க."

"மூணு ஜாக்கெட்டையும் குடுத்துட்டோமே அண்ணா."

"மூணு கீது. ஆனா மூணும் பெரியவங்க சைசு. அதுல ஒண்ணு நம்பளுதே இல்லக்கா. பாசி புடிச்சு, தொட்டாலே பிஞ்சினு வருது. உங்ககூட வந்த இன்னொரு அக்கா போட்டிருந்தாங்களே, அது."

"எங்ககூட யாரும் வரல."

"இன்னாக்கா நீங்க? ஈரத்தோட உங்க கார்ல, பாப்பா பக்கத்துல ஏறினாங்க. நான் பாத்தேனே."

ஹெப்சி திரும்பினாள். வாசல் மிதியடி காய்ந்திருந்தது. அங்கிருந்து பாத்ரூம் வரை கூடத்துத் தரையில் ஈரம். அகலமான பாதத் தடங்கள்.

குழாய்ச் சத்தம் நின்றது.

"ஜெரூ?"

உள்ளே, டக்.

அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். காலையில் மகளின் நெஞ்சில் அவளே போட்டுவிட்ட லைஃப் ஜாக்கெட் கிளிப். மொத்தம் மூன்று.

டக்.

"ஜெரூ, கதவைத் திற! ஜெர்சன்! ஜெர்சன், இங்க வாங்க!"

டக்.

ஜெர்சன் ஓடிவந்து தோளால் மோதினான். தாழ்ப்பாள் அசையவில்லை. கதவிடுக்கில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்து அவர்கள் காலை நனைத்தது. உள்ளே ஒரு பெண்குரல், பொறுமையாக, பாடம் சொல்லிக்கொடுக்கும் தொனியில்:

"போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாது கண்ணு. சரியா சொல்லு."

ஜெர்சன் மறுபடியும் மோதினான்.

"அம்மா, போறேன்."

கதவு பிய்த்துக்கொண்டு விழுந்தது.

யாரும் இல்லை. வாளி மட்டும். விளிம்புவரை கலங்கல் தண்ணீர். அதன் நடுவே, ஆரஞ்சு நிற வாரின் நுனி ஒன்று மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது.