கால்வாயில் கொட்டிய ஆலம்

கொட்டி மூன்று மணி நேரம் ஆகியும் ஆலம் கரையவில்லை.

கீதாஞ்சலி கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இங்கிலாந்தில் அப்போது மதியம். வீடியோ அழைப்பில் பழுப்பு நிறக் கால்வாய், இரு கரையிலும் புல். ஒரு நாள் வாடகைக்கு எடுத்த ஒல்லியான நீளப் படகின் பின்முனையில் அவள் கணவன் முருகவேல் சுக்கான் தடியைப் பிடித்தபடி நின்றிருந்தான். காலடியில் அவனுடைய நாய் சடையன். உடம்பெல்லாம் முடி என்பதால் அந்தப் பேர். படகின் கூரையில் அவன் சாய்த்து வைத்திருந்த கைப்பேசி வழியாக, அவர்களுக்குப் பின்னால் தண்ணீரும் தெரிந்தது. அந்தத் தண்ணீரில் முறம் அகலத்துக்கு ஒரு சிவப்பு. படகு போகிற வேகத்துக்கு அதுவும் வந்துகொண்டிருந்தது.

திருவண்ணாமலையில் மணி ஆறரை. பௌர்ணமி. கிரிவலம் போகிறவர்களின் வெறுங்கால்கள் தார்ச்சாலையில் சரசரவென்று தேய்வது ஓயாமல் கேட்டது; கற்பூர வாடையும் எதிர்க்கடையில் சுண்டல் தாளிக்கிற வாடையும் ஜன்னல் வழியே கலந்து வந்தன. இரண்டு வருஷம் கழித்து, அடுத்த வாரம் அவன் ஊரோடு வந்துவிடப் போகிறான். அதற்குள் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்கிற பயம்தான் அவளை ஆட்டிவைத்தது.

"வண்டி எடுக்கிறவங்க ஆலம் சுத்தாம எடுப்பாங்களா?" என்று பிடிவாதம் பிடித்தவளே அவள்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கிய அந்தச் சிவப்புத் தண்ணீரைப் படகுக்கும் தனக்கும் நாய்க்கும் சுற்றி முடித்து, "இங்க முச்சந்திக்கு எங்கடி போறது?" என்று அவன் சிரித்தான். "தண்ணியிலயே ஊத்துங்க, கரைஞ்சிடும்" என்றாள் இவள்.

கண்ணேறு மொத்தத்தையும் இழுத்துக்கொண்ட தண்ணீர் அது. முச்சந்தியில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டியது. அதைப் போய், போகிற வழியிலேயே கொட்டச் சொல்லியிருக்கிறாளே! பாழாய்ப்போன புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

"ஏங்க, பின்னால பாருங்க. அது இன்னும் வருது."

அவன் திரும்பிப் பார்த்தான். "இலைங்க மிதக்குது கீதா. நீ ஜாஸ்தி யோசிக்கிற."

சடையனும் பார்த்தது. குரைக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்வாங்கி நகர்ந்து, கூரைமேல் ஏறிக் கைப்பேசியோடு ஒண்டிக்கொண்டது. அதன் மூச்சு அவள் காதுக்குள் புஸ் புஸ்ஸென்று இரைத்தது.

"முன்னால சுரங்கம் வருது. அஞ்சு நிமிஷம் இருட்டு. கட் பண்ணிடாத."

"உள்ள போகாதீங்க! சொன்னாக் கேளுங்க, நிறுத்துங்க!"

"நடுவழியில நிறுத்த முடியாதுடி. பயப்படாத."

திரை கறுத்தது. எஞ்சின் சத்தம் மட்டும் செங்கல் சுவரில் மோதி மோதித் திரும்பியது. எங்கிருந்தோ சொட்டும் தண்ணீர். நாயின் முனகல். சிவப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

தொபுக்கென்று ஒரு சத்தம்.

"ஏங்க?"

படகு ஆடியது. பிறகு பலகையில் ஈரக்கால் வைக்கிற சத்தம். சொத். சொத்.

"ஏங்க!"

வெளிச்சம் வந்தது. சுக்கான் தடியைப் பிடித்தபடி முருகவேல் நின்றிருந்தான்.

"அப்பாடா!" அவள் வாய்விட்டு அழுதாள். "உயிரே போச்சு எனக்கு. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவன் சிரித்தான். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தான். முடியிலிருந்து சொட்டியது சிவப்பாக இருந்தது. கண் இமைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் கால்வாய் சுத்தமாகக் கிடந்தது.

அப்போது சுரங்கத்தின் உள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

"கீதா! போட்டை நிறுத்தச் சொல்லு! நான் தண்ணியில இருக்கேன்!"

முருகவேலின் குரல்.

சடையன் குதித்தது. சுரங்கத்தை நோக்கி நீந்தியது. படகில் நின்றது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சினை முடுக்கியது. சுரங்கத்தின் வாய் சின்னதாகிக்கொண்டே போனது. குரல் இன்னொரு தரம் கேட்டது. பாதியில் நின்றது. இருட்டின் ஓரத்தில் நாயின் தலை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

ஈர விரல்கள் கூரையிலிருந்து கைப்பேசியை எடுத்தன. சிவப்பு வழிகிற அந்த முகம் திரை முழுக்க நிறைந்தது.

"ஊருக்கு வரேன் கீதா" என்றது, அவன் குரலிலேயே.