கம்பி மூடிமேல் படுத்த பூனைகள்

தெங்கு கிளானா சாலையில் அத்தனை கடைகளிலும் ஒரே நேரத்தில் மசாலா வறுத்தாலும் சரி, போன வாரம் அந்தப் பக்கம் நடந்துபோன பூனை ஆணா பெண்ணா, ஆபரேஷன் ஆனதா ஆகாததா என்பதைச் சந்திரகலா மூக்காலேயே சொல்லிவிடுவாள். சினையாக இருந்தால் எத்தனை குட்டி என்பதும் அதில் சேர்த்தி. நடுவில் மழை பெய்து கழுவியிருந்தால் மட்டும் பூனையின் நிறம் கொஞ்சம் தப்பும்.

"உங்க மூக்கக் கஸ்டம்ஸ்ல சேர்த்துவிடலாம் லா ஆன்டி. அங்க இருக்கிற நாய்க்கெல்லாம் பென்ஷன் கொடுத்து அனுப்பிடுவான்," என்பான் யுகேந்திரன். பங்சாரில் கிளினிக் வைத்திருக்கும் மிருக டாக்டர். ஞாயிறுதோறும் கிள்ளானுக்கு வந்து, சந்திரகலா கூண்டு வைத்துப் பிடித்திருக்கும் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து, மறுபடி பிடிக்காமலிருக்க அடையாளமாக இடது காது நுனியை நறுக்கிவிட்டுப் போவான். அவள் மூக்கை அவன் ஒருநாளும் நம்பியதில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் அந்த மூக்குக்குப் புதிதாக ஒன்று வந்தது. அவள் நடத்தும் பூனைக் காப்பகத்தின் நாற்றங்கள் அவளுக்கு அத்துப்படி. சுவர்ப் பெயின்டை உரித்து, எதிர்க்கடை நகைகளைக் கறுக்கவைக்கும் கடுவன் மூத்திரம், திறந்து மறந்த மத்தி மீன் டின், காயாத துணிகளின் பூஞ்சை, எல்லாவற்றுக்கும் மேலே தொண்டையைச் சுரண்டும் பிளீச். இவற்றுக்கெல்லாம் அடியில், இளஞ்சூடாக, இனிப்பாக, லேசாகப் புளித்து, நாக்கின் பின்புறத்தில் ஆடை மாதிரி படியும் ஒரு வாசனை. பால்.

முற்றத்தில் கிடந்த செவலைப் பூனையிடமிருந்து வந்தது அது. காது நறுக்கிய பூனை. சந்திரகலா அதைப் புரட்டினாள். வயிற்று மயிர் நனைந்து திரிதிரியாக ஒட்டியிருந்தது. காம்புகள் சிவந்து, நீண்டு, நுனி கடிபட்டுப் பிய்ந்திருந்தன. கட்டைவிரலால் அழுத்தினாள். மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு நகக்கண்ணில் இறங்கியது. விரலைச் சேலையில் துடைத்தாள். போகவில்லை.

"பால் ஊறுது டாக்டர். நீங்க போன மாசம் வெட்டின பூனை இது."

"வெட்டினதுக்கு அப்புறம் ஹார்மோன் இறங்கும். சிலதுக்கு வரும். நார்மல் ஆன்டி."

அவள் உள்ளே போய், ஊர்ச்சண்டையில் பாதி மூஞ்சியைத் தொலைத்த கடுவனைத் தூக்கி வந்து அவன் மேசையில் மல்லாத்தினாள். "இதுவும் நார்மலா?"

யுகேந்திரன் குனிந்து பார்த்தான். அதன் காம்பிலும் மஞ்சளாக ஒரு சொட்டு. "சீழ்," என்றான். "இன்ஃபெக்‌ஷன்."

"சீழ் எனக்குத் தெரியாதா? மோந்து பாருங்க."

"இப்பதான் பிரியாணி சாப்பிட்டேன். ஆள விடுங்க."

வாதாட அவளுக்கு நேரமில்லை. பின்சந்து நாறுகிறது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் புகார் கொடுத்து, நாளைக் காலை நகராட்சிக் கவுன்சில் அதிகாரி வருகிறார். நாறினால் காப்பகத்துக்குப் பூட்டு. பூனைகள் லோரியில் ஏறும். அந்த லோரியில் ஏறிய பூனை எதுவும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

எது நாறுகிறது என்பது இருவருக்கும் தெரியும். ராயா பெருநாள் விடுமுறையில் ஃப்ரீசர் செத்துப்போனது. கழிவு எடுக்கும் லோரிக்காக உறையவைத்திருந்த கருப்பைகள், கருவோடு அறுத்தெடுத்தவையும்தான், இளகி உப்பிப் பைகளை வெடித்துக்கொண்டு வழிந்தன. "லொங்காங்ல ஊத்தித் தண்ணி அடிச்சு விடுங்க ஆன்டி, யார் பார்க்கப் போறா," என்று போனில் சொன்னவன் யுகேந்திரன். கொழகொழவென்று வாளி வாளியாகப் பின்சந்துச் சாக்கடையில் ஊற்றியவள் அவள். அன்று சாக்கடை எலிகளெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்து ஊர் ஷா ஆலமுக்குக் குடிபோய்விட்டன. அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

ஒரு வாளி பிளீச்சையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. காற்று அசையவில்லை. சந்து நீளத்துக்கும் சாக்கடையை மூடியிருந்த இரும்புக் கம்பிகளின்மேல் பூனைகள் படுத்திருந்தன. எல்லாம் காது நறுக்கியவை. எல்லாம் ஒருக்களித்து, ஒரே திசையில், குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற மாதிரி கால்களை நீட்டி, கண்களைப் பாதி மூடி. விலா எலும்புகள் தோலுக்குள் வரிவரியாகத் தெரிந்தன. அவள் வாளியைத் தட்டினாள். ஒன்றும் எழவில்லை.

ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் சொட்டுகிறது என்று நினைத்தாள். சொட்டு இப்படி அவசரப்படாது.

சப். சப். சப்.

கம்பிக்குக் கீழே.

குனிந்தாள். வயிறுகள் கம்பியில் அழுந்தியிருந்தன. காம்புகள் இடுக்கு வழியே உள்ளே போயிருந்தன. ஓரத்துப் பூனையை இடுப்பில் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. கீழிருந்து ஏதோ பிடித்திருந்தது. இழுத்தாள். காம்பு ரப்பராக நீண்டது. பொளக்.

காலி இடுக்கில் ஒன்று மேலே வந்தது. விரல் தடிமன். இளஞ்சிவப்பு. ஈரம். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் மட்டும். காற்றைத் தேடியது. அடுத்த இடுக்கிலும் ஒன்று.

"டாக்டர்."

யுகேந்திரன் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். பார்த்தான். "எலிக்குஞ்சு ஆன்டி."

"திறந்து பாருங்க. நாளைக்குக் கவுன்சில்காரன் திறப்பான்."

"திறக்கிறேன். எலின்னா ஒரு தட்டு மீ கோரேங் நீங்க வாங்கித் தரணும்."

பூனை படுக்காத கடைசி மூடியில், சுவரோரம் கிடந்த இரும்புக் கொக்கியை மாட்டி, மண்டியிட்டு, நெம்பினான். சூடான பால் மூச்சு எழுந்து இருவர் முகத்திலும் அடித்தது. சந்திரகலா வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப்பார்த்தாள்.

தண்ணீர் இல்லை. சாக்கடை முழுக்க ஒரு குழாய். சதை. வழவழப்பு. சினைக் கருப்பை மாதிரி மணிமணியாகப் புடைத்து, கடைகளுக்கு அடியில், சாலைக்கு அடியில், ஆற்றுப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு புடைப்பிலும் வாய்கள். விழுங்கும் தொண்டையாக அது அசைந்தது.

நின்றது.

வாய்கள் திரும்பின. அவன் பக்கம்.

மூடி அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஒரு பூனையும் திடுக்கிடவில்லை. அவன் எழவில்லை. பச்சை ஆபரேஷன் சட்டையில், மார்பில், இரண்டு இடத்தில் ஈரம் பரவியது. தொட்டான். விரலை மூக்கருகில் கொண்டுபோனான். வெகுநேரம் முகர்ந்தான்.

"டாக்டர், ஏந்திரிங்க. பூனைங்க செத்துடும். நான் ஊத்தப் போறேன்."

வாளியைத் தூக்கினாள். யுகேந்திரன் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தான். பூனைகளை மெதுவாக ஒதுக்கி, நடுவில், கம்பிமேல் ஒருக்களித்துப் படுத்தான். கால்களை நீட்டினான். கண்கள் பாதி மூடின.

சப்.

"நீங்க சொன்னது சரிதான் ஆன்டி," என்றான். "பால்தான். ஊத்தாதீங்க. குடிக்கட்டும்."